காவிரியைச் சீரமைக்கும் முன் அதில் வாழ்பவற்றைக் கணக்கெடுங்கள்

பங்குனி உத்திரம் நெருங்கினால் கொடுமுடிப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. கொங்கு ஊர்களிலிருந்து திரண்டு வரும் காவடிக் கூட்டம் காவிரியில் முழுகி எழுந்து, மகுடேசுவரரைக் கும்பிட்டு, கலசங்களில் தீர்த்தம் மொண்டுகொண்டு பழனிக்கு நடக்கும். அந்தத் தண்ணீரில், அன்றைக்குக் காவிரியில் நீந்திய மீன்களின் சுவடும் இருக்கிறது. தோலிலிருந்து கழன்ற வழவழப்பு, உதிர்ந்த செதில், கழிவு, முட்டை, மடிந்த உடலின் துணுக்கு என்று ஒவ்வொன்றோடும் அந்தந்த உயிரின் டிஎன்ஏ தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கிறது. ஓரிரு லிட்டர் தண்ணீரை நுண்ணிய வடிதாளில் வடித்து, அதில் தங்கியதை ஆய்வகத்தில் படித்தால், வலை வீசாமல், ஒரு மீனைக்கூடத் தொடாமல், அங்கே வாழும் இனங்களின் பட்டியலைத் தயாரித்துவிடலாம். ஆறு, குளம், கடல், காடு என்று உலகெங்கும் பல்லுயிர்க் கணக்கெடுப்பை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த முறைக்கு டிஎன்ஏ மெட்டாபார்கோடிங் என்று பெயர்.

இதைப் பற்றி இப்போது பேசக் காரணம் இருக்கிறது. காவிரியை மீட்க ‘நடந்தாய் வாழி காவேரி’ திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அதன் முதற்கட்டம் மேட்டூரிலிருந்து திருச்சி வரையிலான ஆற்றையும், அதில் சேரும் துணையாறுகளையும் எடுத்துக்கொள்கிறது. கொடுமுடி அந்த நீளத்துக்குள் வருகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழும், சாக்கடைகள் மறிக்கப்படும், கரைகள் சீராகும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால், வேலை முடிந்த பிறகு ஆறு பிழைத்துக்கொண்டதா என்பதை எதை வைத்துச் சொல்வோம்? இன்றைக்கு இந்த ஆற்றில் என்னென்ன வாழ்கின்றன என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், நாளைக்கு எது திரும்பி வந்தது, எது வரவேயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பணத்தைச் செலவழிக்கத் தொடங்கும் முன்பே அந்தக் கணக்கை எடுத்துவிட வேண்டும். அதற்கான கருவி இப்போது நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆக்சிஜன் அளவு மட்டும் போதுமா?

காவிரித் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறிப்பிட்ட இடங்களில் தொடர்ந்து மாதிரி எடுக்கிறது. கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அமில காரத் தன்மை, கோலிஃபார்ம் கிருமிகள் ஆகியவற்றின் அளவுகள் பதிவாகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட பட்டியலில், மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி, மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் மிக மோசமான முதல் வகையில் வைக்கப்பட்டது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரி நீரில் வலி நிவாரணிகள், கிருமிக்கொல்லிகள் உள்ளிட்ட மருந்துகளின் எச்சம் இருப்பதை 2021இல் வெளியிட்டார்கள்.

இந்த எண்களெல்லாம் தண்ணீர் எடுத்த அந்த நேரத்து நிலையைச் சொல்பவை. இரவில் யாரோ சாயக்கழிவைத் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீர் விடிவதற்குள் கீழே போய்விடும். மறுவாரம் வரும் அலுவலரின் பாட்டிலில் அதன் தடயம் இருக்காது. ஆனால், அந்த இரவில் செத்த உயிர்கள் மறுவாரம் எழுந்து வருவதில்லை. கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் பெரும்பாலும் சுத்தமான, ஓடும் தண்ணீரில்தான் பிழைக்கும். சாக்கடையில் நெளியும் சிவப்புப் புழுவோ, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பெருகும். முதலாவது காணாமல் போய் இரண்டாவது பெருகியிருந்தால், அந்த இடத்தில் ஆறு பல மாதங்களாகப் பட்ட பாடு தெரிந்துவிடும். மத்திய வாரியத்திடமே இப்படி உயிரிகளை வைத்து நீரின் தரத்தை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அது பரவலாகாததற்குப் பெரிய தடை, அரைவிரல் நீளம்கூட இல்லாத இளம்புழுக்களை இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான். மெட்டாபார்கோடிங் முதலில் கைகொடுப்பது இங்கேதான்.

வடிதாளில் தங்குவது

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட், 2003இல் ஒரு யோசனையை முன்வைத்தார். விலங்கு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகள் நீளமுள்ள பகுதியைப் படித்தாலே, பெரும்பாலான இனங்களைப் பிரித்தறிந்துவிடலாம் என்றார். டிஎன்ஏ பார்கோடு என்பது அங்கிருந்து தொடங்கியது. ஆனால் அதற்கு மீனோ பூச்சியோ கையில் இருக்க வேண்டும். 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னொரு படி ஏறினார்கள். பிரான்ஸின் குளங்களில் பெருகி உள்ளூர்த் தவளைகளை விரட்டிக்கொண்டிருந்த அமெரிக்கக் காளைத்தவளையை, குளத்துத் தண்ணீரிலிருந்த டிஎன்ஏவை மட்டும் வைத்தே கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரே மாதிரியில் ஓர் இனத்தைத் தேடுவதை விட்டு, எல்லா இனங்களையும் ஒரே வீச்சில் படிக்கும் முறை வந்தது. மீன்களுக்கு இதைச் சாத்தியமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் மசாக்கி மியா. எல்லா மீன்களுக்கும் பொதுவான, ஆனால் இனத்துக்கு இனம் சற்றே மாறும், 170 எழுத்துகள் அளவிலான ஒரு சிறு பகுதியை அவரது குழு தேர்ந்தெடுத்தது. அதை மட்டும் பிசிஆர் முறையில் கோடிக்கணக்கில் பெருக்கிப் படிக்கும் உத்தியை 2015இல் வெளியிட்டது. ஒகினாவாவில் உள்ள பெரிய மீன் காட்சியகத்தின் தொட்டிகளில் சோதித்தபோது, அங்கிருந்த 180 இனங்களில் 168 தண்ணீரிலிருந்தே அடையாளம் காணப்பட்டன. மீதி பன்னிரண்டு தப்பிவிட்டன.

கொடுமுடிக் கரையில் இந்த வேலையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். பாட்டில்களையும் குழாய்களையும் பிளீச்சிங் கரைசலில் கழுவியாக வேண்டும். கையுறை வேண்டும். ஆற்றில் இறங்குகிறவர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, தன் உடம்புக்கு மேல்பக்கம் வரும் தண்ணீரையே மொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் காலில் ஒட்டி வந்ததும் மாதிரியில் சேரும். அரை மைக்ரான் அளவுக்குக் கண்கொண்ட வடிதாளில் சிறு பம்ப் வைத்துத் தண்ணீரை இழுப்பார்கள். கோடையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது வேலை சுலபம். மேட்டூர் திறந்து செந்நிறமாகத் தண்ணீர் வந்துவிட்டாலோ வண்டலில் வடிதாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வடிதாளை உடனே ஆல்கஹாலில் போட வேண்டும், அல்லது பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் டிஎன்ஏ வேகமாகச் சிதையும். இவை எல்லாவற்றோடும், ஆய்வகத்திலிருந்தே கொண்டுவந்த சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் அதே கரையில் அதே கருவியில் வடிக்க வேண்டும். அதில் ஏதாவது மீன் தெரிந்தால், அது ஆற்றிலிருந்து வரவில்லை, நம் கையிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு பாட்டிலைத் தவிர்த்துவிட்டுத் தயாரிக்கும் பட்டியலை நம்ப வேண்டியதில்லை.

மத்தி மீன் காவிரியில் என்ன செய்கிறது?

கொடுமுடித் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்தால் கடல் மீனான மத்தியின் டிஎன்ஏ வந்தாலும் வரும். கோழி, ஆடு, மாடு, மனிதர் எல்லாம் வரும். ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் சமைத்துக் கழுவி ஊற்றிய தண்ணீர் சாக்கடை வழியே ஆற்றில் சேர்கிறது அல்லவா? கல்யாண வீட்டு மொய் நோட்டை வைத்துக்கொண்டு யார் யார் வந்தார்கள் என்று சொல்வதைப் போன்றது இது. வராதவரின் பெயரும் அதில் இருக்கும், மொய்யைக் கொடுத்தனுப்பியிருப்பார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எழுதாமலே போயிருப்பார். நோட்டு பொய் சொல்வதில்லை. ஆனால், உறவுமுறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அதைச் சரியாகப் படிக்க முடியும்.

ஆற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் ஓடுகிறது, டிஎன்ஏவும் கூடவே போகிறது. சுவிட்சர்லாந்தின் கிளாட் ஆற்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, ஏரியில் வாழும் ஒரு சிறிய மிதவை உயிரியின் டிஎன்ஏவை, ஆற்றின் போக்கில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் கீழேயும் கண்டறிந்தது. எனவே கொடுமுடியில் மொண்ட தண்ணீர் கொடுமுடியை மட்டும் பேசாது, மேலே உள்ள பல மடுக்களையும் சேர்த்தே பேசும். ஒரு குறிப்பிட்ட பாறை இடுக்கில் எந்த மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இது குறை. மேட்டூருக்கும் திருச்சிக்கும் இடையே ஆற்றின் ஒட்டுமொத்த நிலை தெரிய வேண்டுமானால் இதைவிட வசதி வேறில்லை. சில இடங்களில் எடுத்தாலே நீண்ட தூரம் கணக்குக்குள் வந்துவிடும்.

தண்ணீரில் உள்ள டிஎன்ஏவை வைத்து மீன்களின் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல முடியாது. அது குஞ்சா பெரிதா, உயிரோடு இருக்கிறதா செத்து மிதக்கிறதா என்றும் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது என்பதால், இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மீனைத் தாயின் இனமாகவே காட்டும். இந்தக் கடைசிக் குறை காவிரிக்கு மிக முக்கியமானது.

பெயரில்லாமல் இருந்த பெருமீன்

காவிரியின் மாசீர் மீனைப் பற்றிக் கொங்கு நாட்டில் பலருக்குத் தெரியாது. முதுகு திமிலாக உயர்ந்து, ஆரஞ்சு நிறத் துடுப்போடு வளரும் இந்த மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடை இருந்தது. உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் இதைத் தேடி வந்தார்கள். அவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் கிடையாது. அந்த ஆண்டுதான், இங்கிலாந்தின் ஏட்ரியன் பிண்டர், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஏ.மணிமேகலன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மாயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டு, அமராவதியின் கிளையான பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’தான் இந்த மீன் என்று நிறுவினார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

மெட்டாபார்கோடிங் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மீன்தான் நினைவுக்கு வருகிறது. தண்ணீரில் கிடைத்த எழுத்துக் கோவையை, ஏற்கெனவே பெயரிட்டு வைத்திருக்கும் பார்கோடுகளின் தொகுப்போடு ஒப்பிட்டால்தான் இது இன்ன மீன் என்று சொல்ல முடியும். தொகுப்பில் இல்லாத மீன் மாதிரியில் இருந்தாலும், அடையாளம் தெரியாதது என்ற வரிசையிலோ, நெருங்கிய உறவினத்தின் பெயரிலோதான் வரும். நம் ஆற்றில் இப்படி எத்தனை தப்பும் என்பது, நம் மீன்களுக்கு நாம் எவ்வளவு முறையாகப் பெயரும் பார்கோடும் எழுதி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காவிரியின் மிகப் பெரிய மீனுக்கே 2018 வரை காத்திருந்தோம் என்றால், பாறை இடுக்கில் வாழும் விரல் நீள அயிரைகளின் கதையை யோசித்துப் பாருங்கள்.

மாசீரின் கதையில் கலப்பும் இருக்கிறது. லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகள் 1970களின் இறுதியிலிருந்து காவிரியில் விடப்பட்டன. மீன்வளத்தைப் பெருக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் விட்டவை பெருகி, காவிரிக்கே உரிய திமில் மாசீர் அருகிப் போனது. இவற்றில் எது எங்கே இருக்கிறது, கலந்தவை எவ்வளவு என்று அறிய, வடிதாளோடு மீனின் துடுப்பிலிருந்து வெட்டியெடுத்த சிறு துணுக்கும் வேண்டியிருக்கும். ஒரு முறை போதாத இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதுதான் ஆய்வு.

கதவணைகளுக்கு நடுவே

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, வெண்டிப்பாளையம், சோழசிராமணி என்று மின் உற்பத்திக்கான கதவணைகள் வரிசையாக இருக்கின்றன. பவானி கூடுதுறையில் பவானியைச் சேர்த்துக்கொண்டு தெற்கே இறங்கும் காவிரி, கொடுமுடியில் கிழக்கே திரும்பும் முன்பே பல இடங்களில் தேங்கி நின்று வருகிறது. ஓடும் தண்ணீரில் வாழும் மீனுக்கு இது வீடு இல்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்த உள்ளம் மீன் காவிரியில் எப்படி வீழ்ந்தது என்பதை மீன்வள ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தேங்கிய தண்ணீரை விரும்புவது ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனை இன்று ஆற்றங்கரை மீன் கடைகளில் கட்லா, ரோகுவோடு சேர்த்துக் கூறு கட்டி விற்கிறார்கள். கட்லாவும் ரோகுவும்கூட வடக்கத்தி ஆறுகளிலிருந்து வந்தவைதான். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி பண்ணைகளிலிருந்து தப்பி ஆற்றில் சேர்கிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெருத்துவிட்டதும் வாய்க்காலில் கொட்டப்படும் ‘டேங்க் கிளீனர்’ வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது.

இங்கே உள்ளூர்க் கெண்டைகளின் நிலை என்ன? சேல் கெண்டை, கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, வாளை, ஆரால், குறவை, விலாங்கு இவையெல்லாம் எந்தக் கதவணைக்கு மேலே இருக்கின்றன, எதற்குக் கீழே இல்லாமல் போயின? ஒவ்வொரு கதவணைக்கும் மேலும் கீழும் தண்ணீர் எடுத்தால், ஒரே பருவத்தில் இதற்கு முதல் விடை கிடைத்துவிடும். வலை கொண்டு இதைச் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும். நிறைய மீனும் சாகும்.

இந்த ஆற்று மீன்களைக் கணக்கெடுத்த பழைய பதிவு நம்மிடம் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, நீலகிரியின் மீன்களையும் அதன் அடிவார ஆறுகளின் மீன்களையும் பற்றி 1867இல் லண்டன் விலங்கியல் சங்கத்துக்கு எழுதினார். பவானி ஆற்று மீன்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. பின்னர் 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய பெருநூல்தான் இந்திய மீனியலுக்கு இன்றும் அடிப்படை. மேட்டூர் அணையும் கதவணையும் சாயப்பட்டறையும் வருவதற்கு முந்தைய ஆறு அது. அந்தப் பட்டியலின் பக்கத்தில் வைக்க நம் காலத்துப் பட்டியல் ஒன்று வேண்டாமா?

மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்

இங்கிலாந்தில் குளத்தங்கரையில் வீடு கட்ட வேண்டுமானால், சட்டப் பாதுகாப்பு பெற்ற கொண்டை நீர்ப்பல்லி அந்தக் குளத்தில் இருக்கிறதா என்று பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கும். முன்பெல்லாம் வல்லுநர்கள் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு தேடுவார்கள். 2014 முதல், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய உள்ள பருவத்தில் எடுத்த குளத்துத் தண்ணீரின் டிஎன்ஏ சோதனையை அந்நாட்டு அரசு அமைப்பே ஏற்கிறது. அமெரிக்காவில், பெரும் ஏரிகளுக்குள் ஆசியக் கெண்டைகள் நுழைகின்றனவா என்று கண்காணிக்க அரசுத் துறைகள் இதைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டில், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் கீழ் இயங்கும் ‘லாகோன்ஸ்’ ஆய்வகத்தில் ஜி.உமாபதியின் குழு, ஒடிசாவின் சிலிகா ஏரித் தண்ணீரிலிருந்த டிஎன்ஏவைப் பெருக்காமலே நேரடியாக ஆழப் படித்து, பாக்டீரியா முதல் பாலூட்டி வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினக் குடும்பங்களின் தடயத்தைக் காட்டியிருக்கிறது. ஆக, அறிவும் கருவியும் இந்தியாவிலேயே இருக்கின்றன. கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. இவர்களைக் கரைக்கு அழைத்துவரும் அரசாணைதான் இல்லை.

கரையில் இருப்பவரின் கணக்கு

இந்தத் தொழில்நுட்பத்தை வரவேற்பவர்களிடம் எனக்கு ஒரு கவலை உண்டு. இயந்திரம் பட்டியல் கொடுத்துவிடும் என்றதும், வகைப்பாட்டியல் படித்தவர்களுக்கு வேலை இல்லை என்ற முடிவுக்கு நிர்வாகங்கள் சுலபமாக வந்துவிடும். ஏற்கெனவே கல்லூரிகளில் விலங்கியல் துறையில் மீனைக் கையில் எடுத்துத் துடுப்புக் கதிர்களை எண்ணிப் பெயர் சொல்பவர்கள் அருகிவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் பார்கோடு தொகுப்பு வளராது. தொகுப்பு இல்லாமல் வடிதாள் வெறும் எழுத்துக் குவியல்தான்.

பரிசலில் போய் வலை விடுகிறவர்களுக்கும் இதில் இடம் வேண்டும். புதுவெள்ளத்தில் எந்த மீன் முதலில் ஏறும், எந்த மடுவில் வாளை கிடக்கும், எந்த ஆண்டிலிருந்து கருமுழி வலையில் விழவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரே மீனுக்குப் பவானியில் ஒரு பெயர், கொடுமுடியில் ஒரு பெயர், அக்கரையில் பரமத்தி வேலூர்ப் பக்கம் இன்னொரு பெயர் இருக்கும். ஆய்வகப் பட்டியலை அவர்கள் முன் படித்துக் காட்டினால், எது சாத்தியம், எது சாக்கடை வழி வந்தது என்று அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் மீன் பட்டியலில் வராவிட்டால், அதைத் தேடி மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு. கூலி கொடுத்துப் பரிசலை வாடகைக்கு எடுப்பதோடு அவர்களின் பங்கு முடிந்துவிடக் கூடாது.

இதற்கான சட்ட ஏற்பாடு புதிதாகத் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த இந்தப் பணிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு விதித்தது. தவறும் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கெடு துரத்தியதில் அவசர அவசரமாக நிரப்பப்பட்ட பதிவேடுகள் நாடெங்கும் உண்டு என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஒரு முறை நிரப்பி அலமாரியில் வைக்கும் காகிதமாக அது இருப்பதால்தான் இந்த நிலை. ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் மாதிரியின் பட்டியலும், கரையில் இருப்பவர்களின் சொல்லும் அதில் ஏறினால், பதிவேடு உயிர் பெறும்.

ஆறு என்று பேசினாலும் இதே முறை மண்ணுக்கும் சாணத்துக்கும் பொருந்தும். கொடுமுடிக்கு மேற்கே முத்தூர், காங்கயம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் மேயும் மாட்டின் சாணத்தைப் படித்தால், அது கொழுக்கட்டைப் புல்லோடு வேறு என்னென்ன பூண்டுகளை, எந்த மாதத்தில் தின்றது என்று தெரிந்துவிடும். கிளுவை வேலியும் வெள்வேலமும் சூழ்ந்த அந்த நிலங்கள் மனைப்பிரிவுகளாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அவற்றின் மதிப்பைக் காட்ட இதைவிட நேரடியான சான்று எது? வெள்ளோடு, நஞ்சராயன் குளம் ஆகிய இரண்டு ராம்சர் ஈரநிலங்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும். அதைத் தனியே எழுதலாம்.

எங்கே, எப்போது

காவிரிக்கு முதல் கட்டமாகச் சில இடங்கள் போதும். பவானி கூடுதுறைக்கு மேலே இரண்டு ஆறுகளிலும் தனித்தனியே ஒன்று. ஈரோடு, பள்ளிபாளையம் சாக்கடைகள் சேர்ந்த பிறகு ஒன்று. கதவணைகளுக்கு மேலும் கீழும். கொடுமுடியில் ஒன்று. திருப்பூரின் சுமையைச் சுமந்துவரும் நொய்யல், காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடைத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கொடுமுடிக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. அந்தச் சேர்க்கைக்குப் பிறகு ஒன்று. கொடுமுடிக்கும் நொய்யலுக்குக் கீழே உள்ள இடத்துக்கும் இடையில் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்பது, சாயக்கழிவு வழக்குகளில் விவசாயிகள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு ஆற்றின் வாய்மொழியாகவே நிற்கும்.

வடிதாளில் பாதியை மிகக் குளிர்ந்த பெட்டியில் சேமித்து வைப்பது முக்கியம். இன்றைக்குப் பெயர் தெரியாத எழுத்துக் கோவைக்கு இருபது ஆண்டுகள் கழித்துப் பெயர் கிடைக்கலாம்; அப்போது 2020களின் காவிரியை மறுபடி படித்துப் பார்க்க அந்த வடிதாள் இருக்க வேண்டும். பட்டியல் பொதுவெளியில் வர வேண்டும். மாசீர் போன்ற அரிய மீன் இருக்கும் மடுவின் சரியான இடத்தை மட்டும் மறைத்துவிட்டு, மற்றதை ஊர்ப் பள்ளிப் பிள்ளையும் எடுத்துப் பார்க்கும்படி தமிழில், உள்ளூர் மீன் பெயர்களோடு தர வேண்டும். திட்டத்தின் ஒப்பந்தங்களில், இத்தனை லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்று எழுதும்போதே, அதற்குக் கீழே எந்தெந்த உயிர்கள் திரும்பி வந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வோம் என்பதையும் எழுத வேண்டும். நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத் துறை, மாநிலப் பல்லுயிர் வாரியம் ஆகிய நான்கும் தனித்தனியே கோப்பு வைத்திருக்கும் வரை இது நடக்காது. ஒருவர் பொறுப்பில் வர வேண்டும்; அது பல்லுயிர் வாரியமாக இருப்பதே பொருத்தம்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். அதற்கு முந்தைய வாரங்களில் தண்ணீர் குறைந்து, தெளிந்து, மீன்கள் மடுக்களில் ஒதுங்கியிருக்கும். முதல் மாதிரியை அப்போது எடுக்கலாம். இரண்டாவதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தையில் எடுக்கலாம். கட்டுமான ஒப்பந்தங்கள் கையெழுத்தாக ஆகும் காலத்துக்குள் இந்த இரண்டும் முடிந்துவிடும்.